தரையில் நீல டேப்

பேஸ்மென்ட் தரையில் நீல டேப் ஒட்டியிருக்கிறது. நீளம் 12 அடி. அகலம் 4 அடி.

லாங்ஆர்ம், குவில்ட் தைக்கும் பெரிய மெஷின். அதன் சட்டம் இவ்வளவு இடம் கேட்கும். முன்னால் நிற்க இடம் வேண்டும். பின்னாலும்.

உள்ளே ஒன்றும் இல்லை.

மகள் பள்ளிப் பையோடு இறங்கி வருகிறாள். டேப்பைச் சுற்றிக்கொண்டு போகிறாள். குறுக்கே நடந்தால் எதிலும் இடித்துக்கொள்ளப் போவதில்லை. ஆனாலும் சுற்றித்தான் போகிறாள்.

*

மூன்று அடுக்கு. மேலே வெட்டி ஒட்டுப்போட்ட துணி. நடுவே பஞ்சு. அடியில் நீளத் துணி.

மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் தையல் விழுந்த பிறகுதான் அது குவில்ட். அதுவரை மூன்றும் தனித்தனி.

*

என் மெஷின் சமையலறைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. ஊசிக்கும் மெஷினின் உடம்புக்கும் நடுவே 8 அங்குலம். முழுப் போர்வையும் அந்த 8 அங்குலத்துக்குள் சுருண்டு போய் வரவேண்டும்.

சுருட்டுகிறேன். தோளில் போட்டுக்கொள்கிறேன். கொஞ்சம் மடியில். மீதி நழுவித் தரையில் விழுகிறது. அதன் எடை ஊசியை இழுக்கிறது.

வலது தோளில் ஒரு சூடு.

கவனித்தால் கொஞ்சம் இடம் மாறுகிறது. கழுத்துக்கு ஏறுகிறது. அங்கே நிற்கிறது.

*

இங்கே ஊசி இருந்த இடத்தில் இருக்கிறது. துணி நகர்கிறது.

லாங்ஆர்மில் துணி கிடக்கிறது. ஊசி நகர்கிறது.

பேனாவை அசையாமல் பிடித்துக்கொண்டு, அடியில் தாளை நகர்த்தி நகர்த்தி எழுதுவது போலத்தான் இதுவரை தைத்துவருகிறேன்.

*

கடை. பின்னறையில் லாங்ஆர்ம் மெஷின். சட்டத்தில் கோரா துணி இழுத்துக் கட்டியிருக்கிறது, கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்காக. முன்னால் வந்தவர்களின் சுழிகள் அதில் ஏற்கெனவே இருக்கின்றன.

கடைக்கார அம்மா கைப்பிடிகளைக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கிறார்.

பொத்தானை அழுத்துகிறேன். ஊசி இறங்கவில்லை. கைக்காகக் காத்திருக்கிறது.

கை நகர்கிறது. ஊசி இறங்குகிறது.

கை மெதுவானால் ஊசியும் மெதுவாகிறது. கை நின்றால் நிற்கிறது.

சக்கரங்களில் உணரிகள் இருக்கின்றன. எவ்வளவு தூரம் நகர்ந்தது என்று மோட்டாருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அங்குலத்துக்கு 10 தையல் என்று வைத்துவிட்டால், கை விரைந்தாலும் தயங்கினாலும் 10தான்.

தையலின் நீளத்தை மெஷின் பார்த்துக்கொள்கிறது. கோட்டின் நடுக்கத்தை அப்படியே விட்டுவிடுகிறது.

*

ஒரு வட்டம் போடுகிறேன். முடியும் இடம் தொடங்கிய இடத்தைத் தொடவில்லை.

இன்னொன்று.

தண்டவாளத்தில் எங்கோ ஒரு நூல் துணுக்கு. சக்கரம் அதன்மேல் ஏறி இறங்குவது விரலுக்குத் தெரிகிறது. நான் ஒன்றும் சொல்லவில்லை. கடைக்கார அம்மா வந்து ஒரு துணியால் தண்டவாளத்தைத் துடைக்கிறார். பிறகு பாபினைக் கழற்றி, கொக்கி சுழலும் இடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் விடுகிறார். எண்ணெய் பரவும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

அவர் கையில் அவசரம் இல்லை.

மறுபடி தைக்கிறேன். சத்தம் மாறியிருக்கிறது. கொஞ்சம் தணிந்து.

*

உள்ளங்கையில் அதிர்வு. வெளியே வந்து கார் கதவைத் திறக்கும்போதும் இருக்கிறது. நெப்ராஸ்காவின் லிங்கன் நகரத்துத் தெரு. ஓரத்தில் பனி கறுத்துக் கிடக்கிறது.

சிக்னலில் நிற்கிறேன். ஸ்டியரிங்கின்மேல் விரல் தானாக ஒரு சுழி போடுகிறது.

*

15,000 டாலர். சட்டத்தோடு சேர்த்து. நன்றாக ஓடும் பழைய கார் ஒன்று இந்த விலைக்கு வரும்.

கணினி பொருத்தினால் இன்னும் பல ஆயிரம். அது இருந்தால் வரைபடத்தைத் தேர்ந்தெடுத்தால் போதும். மெஷின் தானே போய்த் தைத்துவிட்டு வரும். பக்கத்தில் நின்று நூல் அறுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கை வலிக்கிறவர்களுக்கு, தொழிலாகச் செய்கிறவர்களுக்கு அது பெரிய உதவி.

எனக்கு அது வேண்டாம். இந்த ஒரு முடிவு மட்டும் கலங்காமல் இருக்கிறது.

*

கடையில் தைத்துக் கொண்டுவந்த துணித் துண்டை மேசையில் திருப்பிப் போடுகிறேன். நேர்கோடுகளில் ஒன்றும் இல்லை. வளைவு வரும் இடங்களில் மேல்நூல் அடிப்பக்கம் இழுபட்டு, சிறு சிறு கீற்றாக நிற்கிறது.

மேல்நூலின் இறுக்கம் போதவில்லை. அல்லது வளைவில் கை வேகம் எடுத்திருக்கிறது.

விரலால் தடவுகிறேன். கீற்றுகள் நகத்தில் மாட்டுகின்றன.

நான் எங்கே விரைந்தேன் என்பது துணியின் பின்பக்கத்தில் இருக்கிறது.

*

அடுத்தவர் குவில்ட்டுகளைத் தைத்துக் கொடுத்தால் போட்ட காசு திரும்பும் என்கிறார்கள்.

சதுர அங்குலக் கணக்கு. 60-க்கு 80 அங்குலம் என்றால் 4,800. ஒன்றுக்கு 2 சென்ட் என்று வைத்தால் 96 டாலர்.

15,000-ஐ 96-ஆல் வகுக்கிறேன். 156. கொஞ்சம் மிச்சம். நூலைச் சேர்க்கவில்லை. மின்சாரத்தையும்.

156 வீட்டுப் போர்வைகள்.

யாரோ ஒருத்தி மாதக்கணக்கில் வெட்டி, இணைத்து, இஸ்திரி போட்டுக் கொண்டுவந்த மேல்துணி. இறந்தவரின் சட்டைகளை வெட்டியும் செய்வார்கள். பாக்கெட்டைக் கூடப் பிரிக்காமல் வைத்திருப்பார்கள். அதன்மேல் என் கை போகவேண்டும்.

வயிறு இறுகுகிறது.

மூச்சு. தளர்கிறது.

*

அலமாரி. மடித்து அடுக்கிய மேல்துணிகள். பஞ்சு சேராதவை. இன்னும் யாரையும் போர்த்தாதவை.

மேலே இருப்பது லாக் கேபின் வடிவம். நடுவில் சிவப்புச் சதுரம். சுற்றிலும் பட்டைகள், ஒரு பக்கம் வெளிர் நிறம், மறுபக்கம் அடர்நிறம். முகத்தருகே கொண்டுபோகிறேன். கஞ்சியும் இஸ்திரிச் சூடும் கலந்த வாசனை.

இந்த அடுக்கைப் பார்த்துத்தான் ஆசை வந்தது என்று நினைக்கிறேன்.

நினைப்பு நிற்கிறது. ஆசை இந்த அடுக்கிலிருந்து வரவில்லை. உள்ளங்கையிலிருந்து வருகிறது.

*

அருங்காட்சியகம். குவில்ட்டுகளுக்காகவே ஒன்று, இந்த ஊரில், பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது. 1997-ல் ஆர்டிஸ், ராபர்ட் ஜேம்ஸ் தம்பதி தங்கள் சேகரிப்பைக் கொடுத்தார்கள். ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அதிலிருந்து தொடங்கியது. 2008-ல் இந்தக் கட்டடம்.

வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள், சாயம் வெளுக்காமலிருக்க. கண் பழகச் சற்று நேரம் ஆகிறது.

வெள்ளைத் துணியில் வெள்ளை நூல். நூல் கண்ணில் படுவதில்லை. நூல் அழுத்திய பள்ளம் தெரிகிறது. பள்ளத்தின் நிழல் தெரிகிறது. தலையைச் சாய்த்தால் நிழல் நகர்கிறது. சற்று முன்பு இலையாக இருந்தது வெறும் துணியாகிறது.

அருகே போகிறேன். ஒரு தையல் நீளம். அடுத்தது குட்டை. ஓரிடத்தில் எல்லாம் நெருங்கி நெருங்கி விழுந்திருக்கின்றன. பிறகு மூச்சு விட்டுக்கொண்ட மாதிரி ஒரு தளர்வு.

தேர்ந்த கை அங்குலத்துக்கு 10 தையல் போடும். கடையில் மெஷினில் வைத்த எண்ணும் 10.

*

பழைய வீடுகளில் சட்டம் கூரையிலிருந்து தொங்கும். நாலு கட்டை. நாலு மூலையிலும் கயிறு. தைக்க இறக்குவார்கள். முடிந்ததும் கயிற்றைச் சுற்றி மேலே ஏற்றிவிடுவார்கள். அடியில் வீடு தன் வேலையைப் பார்க்கும். சமையல், சாப்பாடு, தூக்கம்.

இறக்கினால் சுற்றிலும் ஆறேழு பேர். இரண்டு பக்கமும் எதிரெதிர் முகங்கள். பேச்சு. சட்டத்தின் அடியில் குழந்தைகள், மேலே துணி, துணியை ஊடுருவி வரும் ஊசி முனைகள்.

லாங்ஆர்மின் முன்னால் ஒருவர்தான் நிற்க முடியும்.

ஒருவராய் நிற்பது எனக்குப் பிடித்திருக்கிறது. அதையும் பார்க்கிறேன்.

*

கென்டக்கி மாநிலம், பாடூகா. 1989. அமெரிக்கன் குவில்ட்டர்ஸ் சொசைட்டியின் போட்டி. கேரல் பிரையர் ஃபாலர்ட்டின் குவில்ட் முதலிடம் பெறுகிறது. பெயரில் சூரிய கிரகணம். மெஷினில் தைத்தது. அந்தப் போட்டியில் மெஷின் தையல் அந்த இடத்தைப் பெறுவது அதுதான் முதல் முறை.

அதே பத்தாண்டில்தான் மிசௌரியின் வெஸ்ட் ப்ளெயின்ஸில் கென் கேமில் லாங்ஆர்ம்களைச் செய்து விற்கத் தொடங்குகிறார். இந்த மெஷின்கள் வீடுகளுக்குள் வர அதுவும் ஒரு வழி.

கையா, மெஷினா. அந்தச் சண்டை எனக்குள் எழுவதில்லை. இரண்டிலும் கை இருக்கிறது.

எழுவது வேறு. ஒரு துணியோடு எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்.

*

“காலையில் கட்டினால் சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம்.” கடைக்கார அம்மா சொல்கிறார். நல்ல சேதியாகத்தான் சொல்கிறார். நல்ல சேதிதான்.

எனக்குள் ஏதோ ஒன்று ஒரு அடி பின்வாங்குகிறது.

*

தரையில் அடித்துணி. ஓரங்களில் ஒட்டுகிறேன். பஞ்சை விரிக்கிறேன். மேல்துணி. உள்ளங்கையால் நடுவிலிருந்து வெளியே நீவுகிறேன்.

ஊக்குகள். உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று.

மண்டியிட்டு, நகர்ந்து, மறுபடி மண்டியிட்டு. முட்டியில் தரையின் குளிர் ஏறுகிறது.

லாங்ஆர்மில் இந்த வேலை கிடையாது. மூன்றையும் உருளைகளில் கட்டி இழுத்துவிட்டால் போதும். முட்டிக்கு நல்லது. முட்டிக்கு இது ஒன்றும் சின்ன விஷயம் இல்லை.

ஊக்கு குத்தும்போது துணி முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் இருக்கிறது. வெட்டும்போது கண்ணில் படாத ஒரு பூ, வயலட் நிறத்தில், தையல் ஓரத்தில் பாதியாக நிற்கிறது.

*

கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டம். சித்தி சமூகத்துப் பெண்கள் கவந்தி என்னும் போர்வை தைக்கிறார்கள். பழைய துணிகள். சட்டம் கிடையாது, மெஷின் கிடையாது. ஒரு மூலையில் தொடங்கி, ஓரமாகவே சுற்றிச் சுற்றி, மெல்ல நடுவுக்கு வந்து சேர்கிறார்கள். தையல் ஓடிய பாதையே வடிவம். முடிந்ததும் நாலு மூலையிலும் மடித்த துணியில் ஒரு பூ வைக்கிறார்கள்.

அதற்கு வேண்டிய இடம் ஒரு மடி.

இது என்னை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளவில்லை. நினைவில் வந்தது. இருக்கிறது.

*

இரவு. ஆசை வருகிறது.

முதலில் சத்தமாக. கைப்பிடியின் அழுத்தமாக. பிறகு ஒரு படம்: ஜன்னல், வெளிச்சம், நீண்டு கிடக்கும் துணி, நிமிர்ந்து நிற்கும் நான். படத்தில் தோள் வலிக்கவில்லை.

பிறகு எண். 15,000. எண்ணோடு மகளின் படிப்பு. படிப்போடு பயம்.

பயம் இருக்கும்போது ஆசை எங்கே போகிறது என்று தேடுகிறேன். போகவில்லை. பக்கத்திலேயே இருக்கிறது.

ஹீட்டர் ஓடி நிற்கிறது.

*

கணவர் பேஸ்மென்டுக்கு வருகிறார். டேப்பைப் பார்க்கிறார். குனிந்து ஒரு ஓரத்தை அழுத்தி ஒட்டுகிறார்.

“ஹீட்டர் பக்கத்துல இன்னும் ரெண்டடி விடணும்.”

வாங்கலாமா, வேண்டாமா என்று அவர் கேட்கவில்லை. மேலே போகிறார். படிகளில் காலடி.

*

கடையில் மணிக்கணக்கில் வாடகைக்கும் விடுகிறார்கள். முதலில் வகுப்பு. பிறகு நேரம் பதிவு செய்துகொண்டு போகலாம்.

சுவரில் கடிகாரம். அடுத்து வருகிறவர் தன் துணிப்பையோடு வெளியே உட்கார்ந்திருக்கிறார். நல்ல மனுஷி. அவசரப்படுத்தவில்லை.

ஆனாலும் சுழிகள் சிறுத்துக்கொண்டே போகின்றன. கை கடிகாரத்தைப் பார்க்கிறது.

துணி சுருண்டு சேரச் சேர, உருளை பருக்கிறது. உருளை பருக்கப் பருக்க, தைக்கும் இடம் குறைகிறது. தொடங்கும்போது இருந்த அகலம் கடைசி வரிசையில் இல்லை. வாங்கினாலும் இது இப்படித்தான்.

*

8 அடிச் சட்டமும் உண்டு என்கிறார் கடைக்கார அம்மா. விலை குறையும். இரு முனையிலும் மெஷினின் அகலம் போக மீதிதான் தைக்கும் இடம். அடித்துணி நாலு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கவேண்டும், அதையும் கணக்கில் சேர்க்கச் சொல்கிறார். செவ்வாய்க்கிழமைக்குள் தகவல் சொன்னால் போதும்.

இஞ்ச் டேப்பை எடுக்கிறேன். அலமாரியிலிருந்து ஒவ்வொன்றாக இறக்கி அளக்கிறேன்.

குழந்தைப் போர்வை போகும். வயலட் பூ போட்டது, ஊக்குகளோடு தரையில் இருப்பது, அதுவும் போகும். லாக் கேபின் போகாது.

பக்கவாட்டில் திருப்பிக் கட்டினால் போகலாம்.