உள்ளே அமர்ந்திருப்பவர்

1764ஆம் ஆண்டின் தொடக்கம். ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் ஒழுக்கவியல் பேராசிரியர் ஆடம் ஸ்மித் தம் கடைசி வகுப்பை முடிக்கிறார். இளம் பிரபு ஒருவருக்கு ஆசிரியராகப் பிரான்சுக்குப் போக வேண்டும். படிப்பாண்டு முடியும்வரை காத்திருக்க முடியாது. அந்நாளில் மாணவர்கள் கட்டணத்தைப் பேராசிரியர் கையிலேயே கொடுப்பார்கள். அவரவர் பணத்தைத் தனித்தனியாகக் காகிதத்தில் மடித்து எடுத்துவந்திருந்த ஸ்மித், பெயர் சொல்லி அழைத்துத் திருப்பிக் கொடுக்கத் தொடங்கினார்.

முதல் மாணவனே வாங்க மறுத்தான். கட்டிய பணத்துக்கு மேலேயே பெற்றுவிட்டோம் என்றான். வகுப்பு முழுவதும் அதையே சொன்னது. ஸ்மித் கேட்கவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டால்தான் தம் மனம் ஆறும் என்று மன்றாடியவர், அருகில் நின்றவனின் கோட்டைப் பற்றி இழுத்து அதன் பையில் பணத்தைத் திணித்தார். பிறகு யாரும் மறுக்கவில்லை.

மீதிப் பாடங்களை நடத்த வேறொருவரை அவர் முன்பே ஏற்பாடு செய்திருந்தார். மாணவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. ஊரில் ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். பின் யாருக்கு அஞ்சி அந்தப் பொட்டலங்களை மடித்தார்? இந்தக் கேள்வியோடு பல இரவுகள் அமர்ந்திருக்கிறேன்.

அவருடைய வகுப்பறையிலேயே இதற்கு விடை கிடைக்கும் என்று தோன்றுகிறது. 1752 முதல் அந்த இருக்கையில் இருந்தவர் அவர். காலை ஏழரைக்கெல்லாம் பாடம் தொடங்கிவிடும். முதலில் தயங்கித் தயங்கித்தான் பேசுவார். போகப்போகக் குரலில் சூடேறும். மாணவர்களில் ஒருவனைத் தேர்ந்துகொண்டு, அவன் முகத்தைப் பார்த்தபடியே பேசுவாராம். அவன் முன்னால் சாய்ந்து கேட்டால் பாடம் சரியாகப் போகிறது. பின்னால் சாய்ந்துவிட்டால், சொல்லும் விதத்தை மாற்ற வேண்டும். இன்னொருவர் முகத்தில் தன்னைக் கண்டுகொள்ளும் இந்தப் பழக்கத்தை நான் ஒரு தவமாகவே காண்கிறேன்.

அந்தப் பாடங்களிலிருந்து பிறந்த நூல் 1759இல் வெளிவந்தது. நாம் பிறர் கண்ணால் நம்மைப் பார்க்கப் பழகுகிறோம். பழகப் பழக, எந்தப் பக்கமும் சாராத ஒருவர் நம் நெஞ்சுக்குள்ளேயே குடியேறி நம்மைக் கவனிக்கத் தொடங்குகிறார் என்கிறார் அதில். தமிழில் இதை விளக்க அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. மனசாட்சி என்ற சொல்லிலேயே அந்த ஆள் உட்கார்ந்திருக்கிறார். தினமும் சொல்லித் தேய்ந்துபோன சொல். ஒருமுறை மெதுவாக உச்சரித்துப் பாருங்கள்: மனத்துக்குள் ஒரு சாட்சி. அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

1776இல் வந்த 'நாடுகளின் செல்வம்' அவருக்கு உலகப் புகழ் தந்தது. ஆனாலும் 1787இல் அதே பல்கலைக்கழகம் அவரைக் கௌரவத் தலைவராகத் தேர்ந்தபோது எழுதிய நன்றிக் கடிதத்தில், அங்கே கழித்த 13 ஆண்டுகளையே தம் வாழ்வின் மிகப் பயனுள்ள, அதனாலேயே மிக மகிழ்ச்சியான காலம் என்று குறிப்பிட்டார். பயன், அதனாலேயே மகிழ்ச்சி. இந்த வரிசையை நான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொள்கிறேன்.

உடல் தளர்ந்த கடைசி ஆண்டுகளில் அவர் கையில் எடுத்ததும் பழைய ஒழுக்கவியல் நூலைத்தான். விரிவாகத் திருத்தி 1790இல் வெளியிட்டார். செல்வரை வியந்து ஏழையைப் புறக்கணிக்கும் மனப்போக்கே நம் ஒழுக்க உணர்வை அரிக்கிறது என்னும் அத்தியாயம் அப்போது சேர்த்தது. செல்வத்தைப் பற்றி அத்தனை பெரிய நூல் எழுதிய பிறகு, அதைச் சொல்லாமல் போக அவருக்கு மனம் வரவில்லை போலும்.

ஒன்று மட்டும் மிச்சமிருந்தது. அரைகுறையாக நின்றுவிட்ட கையெழுத்துப் பிரதிகள். அதே ஆண்டு ஜூலையில், இறப்பதற்குச் சில நாள் முன்பு, அவற்றை எரித்துவிடும்படி நண்பர்களிடம் கேட்டுக்கொண்டார். எரிந்து முடிந்ததும் அவர் மனம் லேசானது. அன்று மாலை வழக்கம்போல் விருந்துக்கு வந்த நண்பர்களோடு அமர்ந்து, எப்போதும்போல் மலர்ச்சியாகப் பேசிக்கொண்டிருந்தார்.