சுவையும் தீர்ப்பும்: ஒரு துறைமுக நகரத்து இசைத்தட்டை முன்வைத்து

"இது பாட்டல்ல" என்றார் என் சிற்றப்பா. அவர் சங்கீத ஆசிரியர். திருகோணமலையில், உட்துறைமுகத்துக்கு அண்மையிலிருந்த எங்கள் வீட்டு விறாந்தையில், கடன் வாங்கி வந்த இசைத்தட்டொன்று சுழன்றுகொண்டிருந்தது. பாடியவர்கள் அயலூரார் அல்லர். எங்கள் நகரத்து இளைஞர்களே. பரமேஷ், கோணேஷ் என்னும் சகோதரர்களின் பெயரை அறியாத மாணவன் அந்நாளைய திருகோணமலையில் இருந்திருக்க மாட்டான். 1970 ஆம் ஆண்டை ஒட்டிய அக்காலத்திலேதான் பொப்பிசை என்றும் துள்ளிசை என்றும் பெயர்பெற்ற ஈழத்துத் தமிழ்ப் பாடல்கள் தட்டேறத் தொடங்கின. பரமேஷ் பாடிய 'உனக்குத் தெரியுமா' அவ்வகையின் மிக முற்பட்ட தட்டுக்களுள் ஒன்று. சிற்றப்பா அதனை ஒரு நிமிடத்துக்குமேல் கேட்கவில்லை.

"உங்களுக்குப் பிடிக்காட்டி விடுங்கோ சித்தப்பா. எங்களுக்குப் பிடிக்குது" என்றேன் நான்.

"பிடிக்கிறதெல்லாம் பாட்டோ, தம்பி?" என்று கேட்டுவிட்டு அவர் எழுந்து சென்றார்.

பதின்மூன்று வயதில் நிகழ்ந்த அந்தச் சிறு வழக்கு, தத்துவம் கற்பித்து ஓய்வுபெற்ற இந்நாளிலும் என்னளவில் முடிவுறவில்லை. இரசிகன் ஒன்றைச் சொல்கிறான், விமரிசகன் வேறொன்றைச் சொல்கிறான் என்பது எங்கும் காண்பதே. என்னை உறுத்துவது அதுவன்று. அன்று நாங்கள் இருவரும் பேசிய வாக்கியங்களுள் எதுவுமே அந்தப் பாட்டைப் பற்றியதாக இருக்கவில்லை. அவர் பாட்டின் சாதியைப் பற்றிப் பேசினார். நான் என்னைப் பற்றிப் பேசினேன்.

சிற்றப்பாவின் தரப்பை முதலில் நியாயமாக எடுத்துரைத்தல் வேண்டும். கிற்றாரும் பொங்கோவும் வைத்துக்கொண்டு பாடுவது மேனாட்டாரின் போலி, பைலாவின் தாளத்திலே தமிழைத் திணிப்பது மரபுக்கு ஒவ்வாது, சொற்கள் எளியன, பொருள் அதனிலும் எளிது என்பனவே அவரையொத்தோர் கூறியவை. இவற்றுள் அந்நியம் என்ற குற்றச்சாட்டு மாத்திரம் திருகோணமலையில் நின்று சொல்வதற்கு அரியது. போர்த்துக்கேயர் 1620களில் கோட்டை கட்டிய ஊர் இது. அவர்கள் சென்று நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் அவர்களுடைய மொழியின் ஒரு வடிவத்தை இங்கும் மட்டக்களப்பிலும் பறங்கியர் குடும்பங்கள் வீட்டுமொழியாகக் காத்துவந்தன. பைலாவுக்குத் தாயான கபிரிஞ்ஞ ஆட்டமும் அவர்களுடைய திருமண வீடுகளில் வாழ்ந்தது. பின்னர் ஒல்லாந்தர், பிரான்சியர், ஆங்கிலேயர் என எல்லாரும் இத்துறைமுகத்தின்பொருட்டுப் போரிட்டனர். ஆங்கிலேயரின் கடற்படைத் தளம் 1957 இலேதான் இலங்கையிடம் கையளிக்கப்பட்டது. மாலுமிகளின் பாட்டும் கோணேசர் கோயில் நாதசுரமும் ஒரே காற்றில் கலந்து வந்த நகரத்திலே பிறந்த ஓர் இளைஞன் கிற்றாரை எடுத்ததில் வியப்பென்ன? மேலும், சிற்றப்பா கச்சேரிகளில் வாசித்தது வயலின். அது கருநாடக இசைக்குள் வந்தது பாலுசுவாமி தீட்சிதர் காலத்திலே. அவருடைய தமையனார் முத்துசுவாமி தீட்சிதரோ ஆங்கிலப் பாண்டு வாத்திய மெட்டுக்களுக்குச் சமஸ்கிருதச் சாகித்தியம் இயற்றியவர். இதையெல்லாம் அன்று நான் அறிந்திருக்கவில்லை. அறிந்திருந்தால் வாதத்தில் வென்றிருப்பேன். ஆனால் அவ்வெற்றியும் பாட்டைப் பற்றியதாய் இருந்திராது.

காலமும் இளைஞர் பக்கம் இருந்தது. 1970 இல் பதவியேற்ற அரசு இறக்குமதிகளை இறுக்கியபோது உள்நாட்டுக் கலைக்குச் சிறிது இடைவெளி கிடைத்தது. நித்தி கனகரத்தினத்தின் 'சின்ன மாமியே' யாழ்ப்பாணத்துப் பேச்சுமொழியை மாற்றமின்றி மேடையேற்றியது. ஏ. ஈ. மனோகரனின் குரல் பாக்குநீரிணையைக் கடந்து சென்னையிலும் ஒலித்தது. இலங்கை வானொலி இவற்றை வீடுதோறும் கொண்டுசேர்த்தது. இரசிகரின் எண்ணிக்கை பெருகப் பெருகச் சான்றோரின் முகச்சுளிப்பும் பெருகியது.

அதே 1970 இல், மாசி மாதத்தில், இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் நகரத்து இளைஞர் நால்வரின் முதல் இசைத்தட்டு வெளிவந்தது. 'பிளாக் சபத்' என்பது குழுவின் பெயரும் தட்டின் பெயருமாகும். வன்றொக் எனப்படும் இசைவகைக்கு மூலநூல்போல இன்று மதிக்கப்படுவது அது. கிற்றார் வாசித்த ரோனி அயோமி தகட்டுத் தொழிற்சாலையில் வேலை செய்கையில் வலக்கையின் இரு விரல்நுனிகளை இழந்தவர். இடக்கையால் வாசிப்பவராதலின் தந்திகளை அழுத்தவேண்டிய கை அதுவே. ஆகவே விரல்களுக்குச் செயற்கை நுனிகள் செய்துகொண்டார். மெல்லிய தந்திகளைத் தேர்ந்தார். பின்னாளில் அவற்றைத் தளர்த்திச் சுருதியையும் இறக்கினார். அவ்விசையின் கனத்தில் அத்தொழிற்சாலைக்கும் பங்குண்டு. அமெரிக்கச் சஞ்சிகையான 'றோலிங் ஸ்ரோ'னில் லெஸ்ரர் பாங்ஸ் என்னும் விமரிசகர் அத்தட்டை வேறொரு புகழ்பெற்ற குழுவின் தரங்குறைந்த நகலென ஒதுக்கினார். இளைஞரோ அதனை வாங்கிக் குவித்தனர். பிரித்தானிய விற்பனைப் பட்டியலில் அது எட்டாம் இடத்தை எட்டியது. 1972 இல் பாங்ஸ் தாமே அக்குழுவினரைப் பற்றி முற்றிலும் வேறான மதிப்போடு விரிவாக எழுதினார். 2003 இல் அதே 'றோலிங் ஸ்ரோன்' தொகுத்த மிகச் சிறந்த 500 இசைத்தொகுப்புகளின் பட்டியலில் அத்தட்டும் இடம்பெற்றது.

இக்கதையைக் கேட்ட மாணவர் பெரும்பாலும் மகிழ்கின்றனர். இரசிகன் வென்றான், விமரிசகன் தோற்றான் என்று கொள்கின்றனர். நான் அவ்வாறு கொள்ளத் துணியேன். முன்னைய தீர்ப்புத் தவறாயின் பின்னையது சரியென்பதற்கு உறுதி யாது? அன்று பதினைந்து வயதில் அத்தட்டை வாங்கிய சிறுவரே பின்னாளில் பத்திரிகை ஆசிரியராயினர் என்பது மட்டும் காரணமாயின், தீர்ப்பு மாறவில்லை, நீதிபதிகளே மாறினர். (அக்குழுவின் பெயர் பொறித்த சட்டையோடு விரிவுரைக்கு வந்த மாணவர் ஒருவரிடம் எப்பாட்டு விருப்பமென ஒருமுறை கேட்டேன். அது ஓர் இசைக்குழு என்பதே அவருக்குப் புதிய செய்தியாயிருந்தது.)

அதிகாரம் கையிலுள்ள விமரிசகனின் கதை வேறு. அகில இந்திய வானொலி 1940 இல் ஆர்மோனியத்தை விலக்கியது. 1971 வரை அத்தடை நீடித்தது. 1952 இல் ஒலிபரப்பு அமைச்சரான பி. வி. கேஸ்கர் திரைப்பாடல்கள் மக்களின் சுவையைக் கெடுப்பன எனக் கருதியதால் அவை அந்நிலையத்திலிருந்து ஏறத்தாழ மறைந்தன. நேயர்கள் திருந்தவில்லை, ஊசியை நகர்த்தி இலங்கை வானொலிக்கு வந்துசேர்ந்தனர். 1957 இல் விவித பாரதியைத் தொடங்கி அரசு அவர்களை மீட்க முயன்றது. ஒருவனுக்குச் சுவை கற்பிப்பதும் அவனது வாயை மூடுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதற்குமேல் சான்று வேண்டா.

டேவிட் ஹியூம் 1757 இல் வெளியிட்ட சுவையின் அளவுகோல் பற்றிய கட்டுரையிலே 'டொன் குயிக்சோட்' நாவலில் வரும் கதையொன்றை எடுத்தாள்கிறார். இருவர் ஒரு மிடாவிலிருந்த திராட்சைமதுவைச் சுவைத்தனர். நல்ல மதுதான், ஆயினும் தோலின் சுவை சிறிது உளது என்றார் ஒருவர். நல்லதே, ஆயினும் இரும்பின் சுவை உளது என்றார் மற்றவர். சூழ நின்றோர் இருவரையும் நகைத்தனர். மிடா காலியானபோது அடியிலே தோல்வார் கட்டிய பழைய சாவியொன்று கிடந்தது. சுவை நாவில் உள்ளதே. எனினும் நாவைத் தீண்டிய பொருள் மிடாவில் உள்ளது. அதனைச் சுட்டிக் காட்ட முடியுமாயின் நாம் வழக்காடலாம். முடியாதாயின் ஒருவர் தம் பதவியையும் மற்றவர் தம் இளமையையும் காட்டிக்கொண்டு நிற்கவேண்டியதே.

சாவியைக் காட்டுவதற்கு முன் மிடாவைக் காலிசெய்யும் பொறுமை வேண்டும். அதற்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை நினைப்பேன். கோபாலகிருஷ்ண பாரதியார் தம் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்குச் சிறப்புப்பாயிரம் வேண்டி அவரிடம் பலமுறை சென்றார். இலக்கணப் பிழைகள் மலிந்த நூல் என்பதால் பிள்ளையவர்கள் இசையவில்லை, நாள் கடத்தினார். ஒரு நண்பகலில் அவர் உறங்கிக்கொண்டிருக்க, காத்திருந்த பாரதியார் திண்ணையில் அமர்ந்து தம் கீர்த்தனைகளைப் பாடத் தொடங்கினார். விழித்தெழுந்த புலவர் எழுந்து வெளியே வரவில்லை, உள்ளிருந்தபடியே கேட்டார், கண்ணீர் பெருகியது, பாயிரமும் அளித்தார். இவ்வரலாற்றை உ. வே. சாமிநாதையர் எழுதிவைத்திருக்கிறார். பக்தி இலக்கணத்தை வென்றது என்று இதற்குப் பொருள் உரைப்பது வழக்கம். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. பிழைகள் பிழைகளாகவே இருந்தன. அவற்றைக் கண்ட கண் குருடாகவில்லை. அதுகாறும் ஏட்டில் பார்த்ததை அன்றே அவர் செவியாற் கேட்டார். கண்ணாலும் செவியாலும் திண்ணிதாக உணர்வோர்க்கன்றி மெய்ப்பாட்டின் நுண்பொருள் எட்டாது என்று தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் முடிவதும் இதனையே கருதி எனலாம்.

இதுவரை கூறியதெல்லாம் சிற்றப்பாவின்மேல் வழக்கு. இனி என்மேல்.

சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் கூட்டமொன்றில் ஈழத்துத் துள்ளிசையைப் பற்றி உரையாற்றினேன். அப்பாடல்களைப் புறக்கணித்தது நம் புலமையுலகின் குற்றம், அவை மக்களின் கலை, நம் மண்ணின் குரல் என்றெல்லாம் கூறினேன். கைதட்டல் எழுந்தது. வெளிநாடுகளிலிருந்து வந்திருந்த முதியோர் சிலர் கண்களைத் துடைத்துக்கொண்டனர். உரை முடிந்ததும் ஒரு மாணவி எழுந்தார். "சேர், அந்தப் பாட்டிலே நல்லது எது எண்டு நீங்கள் சொல்லவேயில்லையே" என்றார். குறும்பாகவன்று, அறியும் ஆவலோடுதான் கேட்டார். நான் மீண்டும் விறாந்தையைப் பற்றியும், துறைமுகத்து மாலைக்காற்றைப் பற்றியும், அந்தத் தட்டைக் கைமாற்றிக் கேட்ட தோழரைப் பற்றியும் பேசினேன். அவர் பணிவோடு அமர்ந்துகொண்டார். விடை கிடைக்கவில்லை என்பதை அவரது முகம் காட்டியது.

உண்மையில் நான் அழுதது பாட்டுக்காகவன்று. 1983 ஆம் ஆண்டு ஆடி மாதத்தில் எங்கள் வீடு எரிந்தது. நாங்கள் வாங்கிச் சேர்த்த தட்டுக்களும் சிற்றப்பாவின் தம்புராவும் ஒரே இரவிற் சாம்பலாயின. அவர் பின்னர் வவுனியாவில் உறவினர் வீடொன்றிலே காலமானார்; எந்தக் கருத்தையும் மாற்றிக்கொள்ளவில்லை. தோழருள் ஒருவர் கனடாவில், ஒருவர் நோர்வேயில். இருவரைப் பற்றிச் செய்தியே இல்லை. இத்தனையையும் சுமந்துவரும் ஒரு பாட்டை இன்று நான் எவ்வாறு கேட்பேன்? முதல் கிற்றார் ஒலியிலேயே செவி அடைத்துக்கொள்கிறது. உள்ளே வேறொன்று ஒலிக்கத் தொடங்குகிறது. இழந்ததற்காக இரங்குதல் பிழையன்று. அவ்விரக்கத்தைக் கலைமதிப்பாகப் பெயர்மாற்றி, வகுப்பறையில் இளையோர்க்குக் கொடுத்ததே பிழை. என் அழுகைக்கு அவர்கள் உடன்படலாம். அதனைத் தீர்ப்பாக ஏற்கும் கடப்பாடு அவர்களுக்கில்லை. சிற்றப்பா ஒரு நிமிடம் கேட்டார். நான் ஐம்பதாண்டுகளாகக் கேட்டும் அவ்வொரு நிமிடமளவேனும் கேட்டேனா என்பது ஐயமே.

காலமே நடுவன், நிலைப்பதே நல்லது என்பர். நம்மவரைப் பொறுத்தவரை அதுவும் முழுதும் பொருந்தாது. நிலைத்தவை சில, நல்லன என்பதனாலன்றி, எரியாமல் எங்கோ ஒரு பெட்டியில் கிடந்தமையால் நிலைத்தன. எரிந்தவற்றுள் எவை நல்லன என்று காலத்திடம் கேட்க வழியில்லை.

அம்மாணவியின் கேள்விக்குப் பின் அக்காலப் பாடல்கள் சிலவற்றைத் தனியே அமர்ந்து, ஒரு பதிப்பாசிரியன் ஏட்டை நோக்குவதுபோலக் கேட்க முயன்றேன். சொற்கள் எளியன என்று சிற்றப்பாவின் தலைமுறை சொன்னது மெய். சில இடங்களில் எளிமையன்று, வறுமையே. தாளம் சலிப்பூட்டும் பாடல்களும் பல. எனினும் 'சின்ன மாமியே'யில் ஆறெட்டுத் தாளத்தின்மேல் யாழ்ப்பாணத்துப் பேச்சின் அசைகள் வந்து விழும் முறையில், விளிக்கும் சொல்லின் நெடில் தாளத்தோடு இழைந்து நீளும் இடத்தில், ஒரு சாவி கிடக்கிறது. செந்தமிழாக்கினால் அப்பாட்டு நொண்டும். இளங்கோவடிகள் கடற்கரை மக்களின் வரிப்பாட்டைக் காப்பியத்துக்குள் அமைத்தபோது அதன் நடையை அகவலாக மாற்றாமல் விட்டதற்கும் இத்தகைய காரணமே இருந்திருக்கும். 'உனக்குத் தெரியுமா' என்னும் பாடலை மட்டும் இன்னும் அவ்வாறு கேட்க இயலவில்லை. மும்முறை முயன்றேன், மும்முறையும் விறாந்தை வந்து குறுக்கே நின்றது.

ஆகவே அப்பாடலை அம்மாணவிக்கு அனுப்பி, கேட்டபின் நல்லதும் அல்லதும் எழுதுமாறு கேட்டிருக்கிறேன். அவர் பிறந்தது 2000 ஆம் ஆண்டுக்குப் பின். அந்த விறாந்தையை அவர் கண்டதில்லை. அவரது விடை இவ்விதழ் அச்சேறும் நாள்வரை வரவில்லை.