தொட்டிக்குள் கொல்லாமை

மாடித் தோட்டம் போடுகிறவர்கள் வீட்டில் மண்புழு உரத் தொட்டி இப்போது சாதாரணமாகிவிட்டது. காய்கறித் தோலும் டீத்தூள் சக்கையும் உள்ளே போகின்றன. கறுப்பாக, மண்வாசனையோடு உரம் வெளியே வருகிறது. கொல்லாமையை அறமாகக் கொண்டவர் இப்படிப் புழு வளர்க்கலாமா என்று கேட்டால், ‘கொல்லவில்லையே, வளர்க்கத்தானே செய்கிறோம்’ என்று பதில் வரும். அந்தப் பதில் போதாது என்பதே என் வாதம். ஓர் உயிர் வெளியே தன்போக்கில் திரியும்வரை அதை அதன்பாட்டில் விட்டுவிடுவதே கொல்லாமைக்குப் போதும். நாமே அதைப் பெட்டிக்குள் கொண்டுவந்து வைத்த பிறகு, அப்படி விட்டுவிடுவதுதான் அதைக் கொல்லும்.

இந்த வேறுபாட்டை நுணுகிப் பார்த்தவர்கள் சமணர்கள். உமாசுவாமியின் தத்துவார்த்த சூத்திரம் உயிர்களைப் புலன்களின் எண்ணிக்கையால் வகுக்கிறது. புழுவுக்கு இரண்டு, தொடுதலும் சுவைத்தலும். மண்புழுக்களைப் பற்றி 1881-ல் தனி நூலே வெளியிட்ட சார்லஸ் டார்வின், அவற்றை மண் நிரப்பிய தொட்டிகளில் தம் அறையிலேயே வைத்துக் கவனித்தவர். எவ்வளவு உரக்கச் சத்தம் போட்டாலும் அவற்றுக்குக் கேட்கவில்லை. தொட்டியைப் பியானோவின் மேல் வைத்துச் சுரத்தைத் தட்டியதும், அதிர்வு பட்டு வளைக்குள் ஒடுங்கின. புலன்களில் தொடுவுணர்ச்சியே கூர்மையானது என்றும், உணவில் அவற்றுக்கு விருப்பு வெறுப்பு உண்டு என்றும் அவர் எழுதினார். முற்றிலும் வேறு வழிகளில் வந்தவர்கள் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். அதே சூத்திர நூல், இல்லறத்தாரின் அகிம்சை விரதத்தில் நேரும் குற்றங்கள் என ஐந்தைச் சொல்கிறது: கட்டிவைத்தல், அடித்தல், உறுப்பை அறுத்தல், அளவுக்கு மிஞ்சிப் பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல். இவை காட்டில் திரியும் விலங்குக்கு நேர்பவை அல்ல. நம் கட்டுத்தறியில், நம் கையை நம்பி நிற்கும் உயிருக்கு நேர்பவை.

உரத் தொட்டியை இந்தக் கண்ணோடு பார்த்தால், அதைப் பராமரிக்கும் முறைகளெல்லாம் விரத விதிகளாகத் தெரியும். மண்புழுவுக்கு நுரையீரல் கிடையாது, தோலால்தான் சுவாசிக்கிறது. தோல் ஈரமாக இருந்தால்தான் மூச்சு. தொட்டி காய்ந்தால் செத்துவிடும். தண்ணீர் தேங்கிக் காற்று அற்றுப்போனாலும் அதே கதிதான். உள்ளிருப்பதை ஒரு கைப்பிடி எடுத்துப் பிழிந்தால் ஓரிரு சொட்டு வர வேண்டும். ஒழுகினால் கிழித்த செய்தித்தாளோ தென்னை நார்க் கழிவோ சேர்க்க வேண்டும். பாரம் ஏற்றும் குற்றம் இங்கே வாளியோடு வருகிறது. புழுவுக்குப் பல் இல்லை; நுண்ணுயிர்கள் மக்கவைத்து இளக்கியதைத்தான் தின்ன முடியும். விசேஷத்துக்கு நறுக்கிய காய்கறிக் கழிவு முழுவதையும் ஒரே நாளில் கொட்டினால் அது புளித்துச் சூடேறி, போக இடமில்லாத புழுக்களை வேகவைக்கும். ஊறுகாய், எண்ணெய்ப் பண்டம், மிளகாய், எலுமிச்சைத் தோல் எல்லாம் அந்த வெறுந்தோலை எரிக்கும். புழுக்கள் கூட்டமாக ஏறி மூடியின் அடிப்பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால், கீழே இருக்க முடியவில்லை என்று அர்த்தம். அதைவிடத் தெளிவாக அவற்றால் முறையிட முடியாது. உரம் எடுக்கக் கரணையைச் செருகுவது உறுப்பறுத்தல்தான். ஒரு புழுவை வெட்டினால் இரண்டு புழுவாகும் என்று நம்புவது தவறு. தலைப்பக்கம் பிழைத்து வால் வளர்க்கலாம்; வால்பக்கம் மடியும். உரத்தை வெளிச்சத்தில் கூம்பாகக் குவித்து வைத்தால் புழுக்கள் தாமாகவே அடிக்குப் போய்விடும். மேலே இருப்பதைக் கையால் வழித்துக்கொள்ளலாம். எறும்பு வந்தால் மருந்துப் பொடி எதற்கு? தொட்டியின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தினால் இரண்டு உயிரும் தப்பும்.

கட்டிவைப்பதே குற்றமென்றால் தொட்டியே கூடாதே என்று கேட்கலாம். இதுதான் வலுவான மறுப்பு. ஆனால் சமணம் மனமறிந்து செய்யும் கொலையையும், வாழ்க்கைத் தொழிலில் நேரும் தீங்கையும் பிரித்தே பார்க்கிறது. வந்தவாசி, திண்டிவனம் பக்கத்துத் தமிழ்ச் சமணர்கள் பரம்பரையாக உழவர்கள். ஏர் ஓடும் மண்ணில் புழு சாகாமல் இராது. இல்லறத்தாருக்கு உள்ள கடமை தீங்கைக் குறைத்துக்கொண்டே போவது. தொட்டியில் அதற்கு நிறையவே இடமிருக்கிறது. ஆழமாக வளை தோண்டும் இனத்தை அடைத்தால் அது சிறைதான். உரத்துக்கு ஏற்றவையோ சாணத்திலும் மக்கும் குப்பையிலும் மேலாக வாழ்பவை. ஈரமும் காற்றும் சரியாக இருந்தால் தொட்டி அவற்றின் இயல்பான இடத்துக்கு நெருங்கி வந்துவிடும். புழுவுக்கு வலி தெரியுமா என்பது அடுத்த கேள்வி. அதை அறிவியல் இன்னும் தீர்க்கவில்லை. தீராத சந்தேகத்தின் பலனைப் புழுவுக்குக் கொடுத்தால் நமக்கு என்ன நஷ்டம்? வாரத்தில் சில நிமிடம். போயும் போயும் புழுவுக்கா இவ்வளவு ஆன்மிகம் என்பவர்கள், திருப்பாதிரிப்புலியூர்ப் பதிகத்தில் அப்பர் கேட்ட வரத்தை நினைத்துப் பார்க்கலாம். புழுவாகவே பிறந்தாலும் இறைவனை மறவாத மனம் வேண்டும் என்கிறார். அந்தப் பிறவியிலும் பக்திக்கு இடமுண்டு என்று நம்பியவரின் வேண்டுதல் அது.

ஆகவே, புழு வாங்கும் முன் உங்கள் நேரத்தைக் கணக்குப் பாருங்கள். வெயில் படாத இடம் இல்லையென்றால், அடிக்கடி வெளியூர் போகிறவர் என்றால், வாங்க வேண்டாம். ஓட்டையிட்ட மண்பானையில் காய்ந்த இலையும் சமையலறைக் கழிவும் மாற்றி மாற்றிப் போட்டாலே சில மாதங்களில் உரமாகிவிடும். அங்கே தாமாக வரும் உயிர்களுக்குத் தாமாகப் போகவும் வழி இருக்கிறது.