இரவல் விடைகள்

ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழா. அங்கியோடு நிற்பவர்களிடம் கேமராவோடு போய்க் கேட்கிறார்கள்: கோடையில் ஏன் வெயில் அதிகம்? பூமி அப்போது சூரியனுக்குப் பக்கத்தில் போகிறது என்று தயங்காமல் பதில் வருகிறது. 1987ல் வந்த ‘எ பிரைவேட் யுனிவர்ஸ்’ ஆவணப்படம் இப்படித்தான் தொடங்கும். பருவங்களைப் பற்றியோ வளர்பிறை தேய்பிறை பற்றியோ கேட்கப்பட்ட 23 பேரில் 21 பேருக்குச் சரியாக விளக்கத் தெரியவில்லை.

பார்க்கிற எவருக்கும் ஒரு சிரிப்பு வரும். ஹார்வர்டே இவ்வளவுதானா என்கிற சிரிப்பு. அப்படிச் சிரிக்க நமக்கு உரிமை இருக்கிறதா என்பதுதான் என் கேள்வி.

சரியான விடை ‘பூமியின் அச்சு 23.5 டிகிரி சாய்ந்திருக்கிறது’ என்பது. பள்ளியில் எழுதி மார்க் வாங்கியிருப்போம். சரி, சாய்ந்தால் ஏன் சூடாக வேண்டும்? ‘சாய்ஞ்ச பக்கம் சூரியனுக்குக் கிட்ட வருதுல்ல?’ என்று பதில் வந்தால், பழைய தப்பு புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்திருக்கிறது என்று அர்த்தம். பூமியின் குறுக்களவே 13,000 கி.மீ.க்குள்தான். சூரியன் இருப்பதோ 15 கோடி கி.மீ. தொலைவில். சாய்வதால் கிடைக்கிற நெருக்கம் கணக்கிலேயே வராது. சொல்லப்போனால், பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில், நாம் போர்வையை இழுத்துவிட்டுக்கொள்ளும் மார்கழியில். ஜூலையில் சுமார் 50 லட்சம் கி.மீ. விலகிப் போய்விடுகிறது.

சாய்வு மாற்றுவது வெளிச்சம் விழும் கோணத்தையும் பகலின் நீளத்தையும். டார்ச்சை நேராகப் பிடித்தால் சின்ன வட்டம், பளிச்சென்று இருக்கும். சாய்த்துப் பிடித்தால் அதே வெளிச்சம் அகலமாகப் பரவி மங்கிவிடும்.

இப்போது இரண்டு பேரை எடுத்துக்கொள்வோம். ‘பக்கத்தில் போகிறது’ என்றவர் தப்பு. ஆனால் அடுப்புக்குக் கிட்டே போனால் சுடும் என்ற தன் அனுபவத்திலிருந்து யோசித்திருக்கிறார். ‘சாய்வு’ என்று மட்டும் சொன்னவர் யோசிக்கவே இல்லை, ஒப்பித்தார். தேர்வு இரண்டாமவருக்கு மார்க் போடுகிறது, முதலாமவரைப் பார்த்து நம்மைச் சிரிக்க வைக்கிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை.

அதற்காக முதலாமவரை அப்படியே விட்டுவிடவும் முடியாது. மென்பொருளில் ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சோதித்தால் எல்லாம் பாஸ் ஆகும், சேர்த்து ஓட்டினால் விழுந்துவிடும். அறிவும் அப்படித்தான். டிசம்பரில் மெல்போர்ன் பாக்ஸிங் டே டெஸ்டை விடியற்காலை ஸ்வெட்டரோடு உட்கார்ந்து பார்க்கிறோம். அங்கே மைதானத்தில் வெயில் கொளுத்துகிறது. தூரம்தான் காரணம் என்றால் ஒரே பூமியில் ஒரே நாளில் இது எப்படி? இரண்டு தகவலும் நம்மிடமே இருக்கின்றன, ஒன்றையொன்று சந்திக்க மட்டும் நாம் விட்டதில்லை. அப்படிச் சந்திக்க விடுவதை ஒரு கடமை என்றே நினைக்கிறேன்.

எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் நம்புவேன் என்று யாராலும் வாழ முடியாது. ஒளியின் வேகத்தை நான் அளந்ததில்லை, நம்புகிறேன். இரவல் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இரவல் நகையைப் போட்டுக்கொண்டு அடுத்தவர் வெறுங்கழுத்தைப் பார்த்துச் சிரிப்பது அசிங்கம். எது சொந்தம், எது இரவல் என்று தனக்குள்ளாவது தெரிந்திருக்க வேண்டும்.

வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்முகத் தேர்வுகளில் நானும் கேள்வி கேட்கிற பக்கம் உட்காருகிறேன். விடை என்ன என்பதோடு நிறுத்துவதில்லை. நீங்கள் சொல்வது தப்பாக இருந்தால் எது வேறு மாதிரி இருக்கும் என்றும் கேட்கிறேன். அங்கியோடு நின்றவர்களிடம் இதைக் கேட்டிருந்தால், ‘அப்படின்னா ஆஸ்திரேலியாவிலும் இப்ப கோடையா இருக்கணுமே’ என்று சிலராவது தாமே தங்கள் விடையைக் கைவிட்டிருப்பார்கள். ஒப்பித்தவரிடம் கைவிடுவதற்கு என்ன இருக்கிறது?

இரவலைச் சொந்தமாக்க ஒரு குச்சி போதும். ஏப்ரல் கடைசி வாரத்தில் சென்னையில் சூரியன் நேர் உச்சிக்கு வரும். அந்த நிழலில்லா நாளில் செங்குத்தாக நட்ட குச்சிக்கு நண்பகலில் நிழலே விழாது. டிசம்பர் 21 நண்பகலில் ஒரு மீட்டர் குச்சிக்கு ஏறக்குறைய 74 செ.மீ. நிழல். ஏப்ரலில் விழுந்த அதே வெளிச்சம் இப்போது கால் பங்கு கூடுதலான தரையில் பரவுகிறது. இதை அளந்தவர் ‘சாய்வு’ என்று சொன்னால் அந்தச் சொல் அவருடையது.