தகப்பன் வீட்டை இடிக்குமுன்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை செல்லும் சாலையில் உள்ள எங்கள் மத்தூர்ப் பகுதியில், நாட்டு ஓடு வேய்ந்த மண்சுவர் வீடுகள் ஒவ்வொன்றாக இறங்கிக் கொண்டிருக்கின்றன. ஓசூர் சிப்காட்டிலும் பெங்களூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளின் சம்பளம், வளைகுடா நாடுகளில் வெயிலில் நின்று சேர்த்த பணம், இவையெல்லாம் செங்கல்லாகவும் கம்பியாகவும் ஊர் வந்து சேருகின்றன. முற்றம் போய் ஹால் வருகிறது. திண்ணை போய் வண்டி நிறுத்தும் இடம் வருகிறது. இதைக் குறை சொல்லப் பேனா எடுக்கவில்லை. மழைக்கு ஒழுகும் கூரையை மாற்றுவதையும், மருமகள் வந்த வீட்டில் ஓர் அறையைக் கூட்டிக் கட்டுவதையும் மார்க்கம் தடுக்கவில்லை. சாய்ந்து விழவிருந்த சுவரை ஹிள்று (அலை) அவர்கள் கூலி வாங்காமல் நிமிர்த்தி வைத்த வரலாற்றைத் திருமறையின் கஹ்பு அத்தியாயம் எடுத்துரைக்கிறது அல்லவா? அதன் கீழே இரண்டு அநாதைச் சிறுவர்களின் புதையல் இருந்தது. அவர்களுடைய தகப்பனார் நல்லடியாராக இருந்தார். ஆகவே பழைய சுவரைச் செப்பனிடுவது நற்செயலாகவும் அமையக் கூடும். ஆனால் அங்கே சுவர் நிமிர்த்தப்பட்டது உரியவர்களின் உரிமை அவர்களுக்கே கிடைக்க வேண்டும் என்பதற்காக. இன்று நம்மில் பலர் சுவரை இடிப்பது எதற்காக என்று கேட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மேஸ்திரி வந்து நூல் பிடிக்கிறார். 'எவ்வளவு சதுர அடி? எத்தனை மாடி?' என்று கேட்கிறார். 'இந்த வீடு யாருடையது?' என்று அவர் கேட்பதில்லை. அது அவர் வேலையும் அன்று. வீட்டுக்காரர் தம்மையே கேட்டுக் கொள்ள வேண்டிய கேள்வி அது.

ஓர் உதாரணம். தகப்பனார் மௌத்தாகிப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. மனைவி இருக்கிறார்; இரண்டு ஆண் மக்கள், மூன்று பெண் மக்கள். கடனும் வஸிய்யத்தும் இல்லை. ஃபராயிள் கணக்கின்படி வீடு எட்டுப் பங்கு. தாயாருக்கு 1, ஆண் மக்களுக்குத் தலா 2, ஆக 4, பெண் மக்களுக்குத் தலா 1, ஆக 3. இந்தப் பங்கை யாரும் எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை. தகப்பனாரின் உயிர் பிரிந்த கணத்திலேயே அது அவரவருக்கு உரியதாகி விட்டது. விட்டுச் சென்றது கொஞ்சமானாலும் அதிகமானாலும் ஆணுக்கும் பெண்ணுக்கும் அதில் பங்குண்டு என்றும், அது விதியாக்கப்பட்ட பங்கு என்றும் அன்னிஸா அத்தியாயம் அறிவிக்கிறது. ஆகவே மூத்த மகன் அந்த வீட்டில் குடியிருக்கிறார் என்பதனால் வீடு அவருடையதாகி விடாது. எட்டில் இரண்டுதான் அவருடையது. மீதி ஆறு பங்கின் மீதும் அவர் கடப்பாரை வைக்கிறார்.

'வீட்டிலும் நிலத்திலும் பெண்ணுக்குப் பங்கு கொடுப்பது எங்கள் வழக்கமில்லை' என்று மீசையைத் தடவிக் கொண்டு சொல்லும் பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அந்த வழக்கத்தை 1937-ஆம் ஆண்டின் ஷரீஅத் சட்டம் ஒதுக்கித் தள்ளியது. அதில் விடுபட்டிருந்த விவசாய நிலத்தையும் 1949-இல் சென்னை மாகாணத் திருத்தம் சேர்த்துக் கொண்டது. அல்லாஹ் விதித்ததை ஏற்காதவர்கள் சர்க்கார் சட்டத்தையாவது அறிந்து வைத்துக் கொள்ளட்டும்.

இவர்களைவிடக் கடினமான வாதம் வேறு இடத்திலிருந்து வருகிறது. மார்க்கப் பற்றுள்ள, ஐவேளைத் தொழுகையாளியான அண்ணன் சொல்கிறார்: 'தங்கைகளைக் கேட்டேன் ஹஜ்ரத். எங்களுக்கு ஒன்றும் வேண்டாம், அண்ணன் நன்றாக இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார்கள்.' பொய் சொல்லவில்லை. அவர்கள் அப்படித்தான் சொன்னார்கள். ஆனால் எப்போது, எந்த நிலையில் சொன்னார்கள்? பங்கைக் கேட்டால் பெருநாளைக்குத் தாய்வீட்டுக்கு வர முடியாது. பிள்ளைக்குக் கல்யாணமென்றால் தாய்மாமன் வந்து நிற்க மாட்டார். நாளை கணவனோடு ஒரு மனத்தாங்கல் என்றால் போய் உட்கார ஓர் இடமிருக்காது. இவ்வளவையும் ஒரு தட்டில் வைத்து, எட்டில் ஒரு பங்கை மறுதட்டில் வைத்து நிறுத்துப் பார்த்துவிட்டு அவள் 'வேண்டாம்' என்கிறாள். இது கொடையா? பயத்திற்குச் செலுத்தும் விலையா?

பெண்கள் தங்கள் மஹரிலிருந்து விட்டுக் கொடுப்பதைப் பற்றிப் பேசும்போதுகூட, மனம் விரும்பித் தருவதையே திருமறை நிபந்தனையாக்குகிறது. வாய் சொன்னால் போதும் என்று விட்டுவிடவில்லை. ஒரு முஸ்லிமின் பொருள் அவனுடைய மனத் திருப்தியின்றி ஆகுமாகாது என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை.

அண்ணலார் மதீனாவுக்கு வந்து பள்ளிவாசல் கட்ட இடம் தேர்ந்தபோது நிகழ்ந்ததைப் பாருங்கள். அந்த இடம் ஸஹ்ல், ஸுஹைல் என்ற இரண்டு அநாதைச் சிறுவர்களுக்குச் சொந்தம். பேரீச்சம் பழம் உலர்த்தும் களம். விலை கேட்டார்கள் நாயகம் (ஸல்). 'விலை வேண்டாம், தங்களுக்கு அன்பளிப்பாகவே தருகிறோம்' என்றனர் சிறுவர்கள். கட்டப் போவதோ அல்லாஹ்வின் இல்லம். கேட்பவரோ அல்லாஹ்வின் தூதர். இருந்தும் அன்பளிப்பாகப் பெற மறுத்து, விலை கொடுத்தே வாங்கினார்கள் என்று புகாரி ஷரீஃபில் வருகிறது. அந்தச் சிறுவர்களின் அன்பில் அண்ணலாருக்குச் சந்தேகமா? இல்லை. மறுத்துப் பேச இயலாத நிலையிலிருப்பவரின் 'சரி'யைப் பெரியவர்கள் பயன்படுத்திக் கொள்ளலாகாது என்ற பாடமே அதில் எனக்குத் தெரிகிறது.

சட்ட நூல்களும் இந்தப் பேணுதலோடுதான் பேசுகின்றன. 'என் உரிமையை விட்டுவிட்டேன்' என்று ஒரு வாரிசு சொல்லிவிடுவதால் மட்டும் அவருடைய உரிமை அழிந்து போகாது என்று ஹனஃபி அறிஞர் இப்னு நுஜைம் (ரஹ்) எழுதியிருக்கிறார்கள். பங்கிடக் கூடிய சொத்தைப் பங்கிடாமலே ஹிபா செய்வது ஹனஃபி மத்ஹபில் செல்லாது. ஷாஃபிஈ மத்ஹபில் பிரிக்காத பங்கையும் ஹிபா செய்யலாம்; ஆனாலும் உண்மையான சம்மதம் அங்கும் நிபந்தனைதான். ஆகவே நடுக்கூடத்தில் தேநீர் குடித்துக் கொண்டே பெற்ற ஒரு 'வேண்டாம்' எந்த மத்ஹபிலும் நிம்மதியாகத் தூங்கப் போதுமானதன்று.

விரும்பாதவரிடமிருந்து எடுக்கக் கூடாது என்பதற்கு உமர் (ரலி) அவர்களின் ஆட்சியே சான்று. ஹிஜ்ரி 17-இல் மஸ்ஜிதுந் நபவியை விரிவாக்க நாடினார்கள். அருகில் அப்பாஸ் (ரலி) அவர்களின் வீடு. விற்றுவிடுங்கள், அல்லது மாற்று இடம் பெறுங்கள், அல்லது தர்மமாகக் கொடுங்கள் என்று கலீஃபா கேட்க, மூன்றையும் மறுத்தார்கள் அப்பாஸ் (ரலி). வழக்கு உபை இப்னு கஅப் (ரலி) அவர்களிடம் போயிற்று. தீர்ப்பு அப்பாஸ் (ரலி) அவர்கள் பக்கம், கலீஃபா அடங்கினார்கள். அதன் பிறகே, 'இனி நானாகத் தருகிறேன்' என்று அப்பாஸ் (ரலி) அவர்கள் வீட்டைத் தர்மமாக வழங்கினார்கள் என வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். மறுக்க முடியும் என்று நிலைநாட்டப்பட்ட பின் வந்த அந்தச் சம்மதம்தான் சம்மதம். உங்கள் தங்கைக்கு 'மாட்டேன்' என்று சொல்லும் வாய்ப்பை எப்போதாவது கொடுத்தீர்களா? சொன்ன பிறகும் அவளுக்குப் பெருநாள் சீர் போகும் என்று அவளுக்குத் தெரியுமா?

அண்ணன் பக்கத்து நியாயத்தையும் கேட்டாக வேண்டும். அது சிறியதன்று. தகப்பனாரின் கடைசி நோயில் ஆஸ்பத்திரிக்கு அலைந்தவர் அவர். தங்கைகளின் நிக்காஹ்வுக்குக் கடன்பட்டு நகை போட்டவர் அவர். தம்பி வெளியூரில் சௌகரியமாக இருக்கும்போது தாயாரை வைத்துப் பார்ப்பவரும் அவரே. 'எல்லாம் செய்தவனும் நான், பங்கு கொடுக்க வேண்டியவனும் நானா?' என்று கேட்கும்போது அவர் கண் கலங்குகிறது. ஆனாலும் நிக்காஹ்வின்போது போட்ட நகை அன்பளிப்பு. அன்று கொடுத்ததை இன்று மீராஸில் கழிக்க முடியாது. தகப்பனாருக்குச் செய்த பணிவிடையின் கூலி அல்லாஹ்விடம் இருக்கிறது. அதை எட்டில் ஒரு பங்குக்கு விற்றுவிட அவரே விரும்ப மாட்டார். கடனாகக் கொடுத்தது என்று அன்றே பேசியிருந்தால் அது வேறு. அந்தக் கணக்கைத் தனியே தீர்த்துக் கொள்ளலாம்.

தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை உண்டு. அஸ்திவாரம் தோண்டும்போது பாயாசம் கொண்டு வந்து கொடுத்துவிட்டு, தொழிற்சாலைகள் வந்து மனை விலை ஏறிய பின் கட்டி முடித்த மாடியிலும் எட்டில் ஒன்று கேட்பது நியாயமாகாது. அவர்களுக்கு உரியது மனையில் பங்கும், பழைய வீட்டின் மதிப்பில் பங்கும். அண்ணனின் கைக்காசில் எழுந்த மாடி அண்ணனுடையது.

கூட்டுச் சொத்தில் கட்டுவது பற்றி ஹனஃபி நூல்கள் விரிவாகவே பேசுகின்றன. துருக்கி உஸ்மானிய அரசு 1869 முதல் 1876 வரை தொகுத்த மஜல்லாவிலும் இவை இடம்பெற்றன. மற்றப் பங்காளிகளின் அனுமதியோடு பொதுவுக்காகச் செலவழித்தால், அவரவர் பங்குக்குரிய செலவைக் கேட்டுப் பெறலாம். அனுமதியின்றிச் செப்பனிட்டால் அது அவர் செய்த உபகாரமாகப் போகும். பிறகு கணக்குக் காட்ட முடியாது. அனுமதியின்றிப் புதிதாகக் கட்டிவிட்டால், பாகம் பிரிக்கும்போது அந்தக் கட்டடம் அவர் பங்கில் விழுந்தால் நல்லது. பிறர் பங்கில் விழுந்தால் அதை அகற்றச் சொல்ல அவர்களுக்கு உரிமையுண்டு. மௌனமாக இருந்தவர் மீது 'சம்மதித்தார்' என்ற சொல்லைச் சுமத்தவும் இடமில்லை. இருபது லட்சம் செலவழிக்குமுன் ஒரு நாள் மாலை உட்கார்ந்து பேசுவது எவ்வளவு மலிவானது!

எல்லாவற்றிலும் எனக்குப் பொறுக்க முடியாதது தாயாரின் நிலை. புதிய வீட்டில் மகனுக்கு ஓர் அறை, பேரப்பிள்ளைகளுக்கு ஓர் அறை, விருந்தாளிக்கு ஓர் அறை. தாயாரின் கட்டில் மாடிப்படியின் அடியில் கிடக்கிறது. 'அம்மாவை நான்தான் வைத்திருக்கிறேன்' என்கிறார் மகன். யார் யாரை வைத்திருப்பது? எட்டில் ஒரு பங்குக்கு அவர் உடைமையாளர். அவருடைய மனையில்தான் மகன் ஹால் கட்டியிருக்கிறார். முற்றத்துக் கிணற்றடியில் ஒளூச் செய்து தஹஜ்ஜுத் தொழுதவருக்கு, இரவில் படியேறிப் போகும் குளியலறையைக் காட்டுகிறோம். வரைபடம் போடும்போது அவரை ஒரு வார்த்தை கேட்டோமா?

நபித்துவத்திற்கு ஐந்தாண்டுகளுக்கு முன் குறைஷிகள் கஅபாவை இடித்துக் கட்டினார்கள். அது அவர்களுடைய பாட்டனார் இப்ராஹீம் (அலை) அவர்கள் எழுப்பிய வீடு. சிலைகளை வணங்கியவர்கள்தாம், என்றாலும் வட்டிப் பணமும், விபசார வருமானமும், பிறரிடம் அநியாயமாகப் பறித்ததும் இதில் சேரக் கூடாது என்று தீர்மானம் செய்துகொண்டார்கள். தூய பணம் போதவில்லை. என்ன செய்தார்கள்? தவறான பணத்தைச் சேர்த்துக் கட்டடத்தைப் பெரிதாக்கவில்லை, கட்டடத்தைச் சுருக்கினார்கள். ஒரு பகுதி சுவருக்கு வெளியே நின்றுவிட்டது. இன்றும் ஹாஜிகள் சுற்றிவரும் ஹதீம் என்ற அரைவட்டம் அதுதான்.

ஆகவே இடிக்குமுன் செய்ய வேண்டியவை: நடுநிலையான இருவரைக் கொண்டு மனையையும் பழைய வீட்டையும் மதிப்பிட வேண்டும். அந்தத் தொகையை எட்டாகப் பிரித்து, ஒவ்வொரு தங்கைக்கும் அவள் பங்கு இவ்வளவு என்று கணவனின் முன்னிலையில் அன்று, அவளிடம் தனியே சொல்ல வேண்டும். பணமாக வேண்டுமா, மனையின் ஓர் ஓரம் வேண்டுமா என்று கேட்க வேண்டும். மொத்தமாகக் கொடுக்க வசதியில்லையென்றால் தவணை எழுதிக் கொள்ளலாம். இருசாராரும் இசைந்து ஒரு தொகைக்கு ஒப்பந்தமாகி விலகிக் கொள்வதையும் ஷரீஅத் அனுமதிக்கிறது. பணத்தை அவள் கையில் வைத்த பிறகு அவள் திருப்பித் தந்தால், வாங்கிக் கொள்ளுங்கள். அது ஹலாலான அன்பளிப்பு. பிறகு சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதியுங்கள். இரண்டாவது மாடிக்குப் பணம் போதாமல் போனால், ஒரு மாடியோடு நிறுத்திக் கொள்ளுங்கள்.