வெல்லம் கரைந்தால் கட்டி கரையுமா?

மயிலாடுதுறைக்கும் சீர்காழிக்கும் இடையில் இருக்கிறது வைத்தீஸ்வரன் கோயில். உடம்பில் கட்டியோ மருவோ கிளம்பினால் அங்கே போய்ச் சித்தாமிர்த தீர்த்தத்தில் வெல்லம் கரைப்பதும், உப்பும் மிளகும் காணிக்கையாகக் கொட்டுவதும் தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். 4,448 நோய்களைத் தீர்ப்பவர் என்று பெயர் பெற்ற சுவாமிக்குப் பக்கத்தில் தையல்நாயகி தைலப் பாத்திரத்தோடு நிற்கிறாள். செவ்வாய்க்கே தோல் நோய் தீர்ந்த தலம் இது என்கிறது தலபுராணம். தண்ணீரில் வெல்லம் கரைவதுபோல் உடம்பில் கட்டியும் கரைந்துவிடும் என்பது நம்பிக்கை.

சிலருக்குக் கரையவும் செய்கிறது. சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

ஊரில் ‘கட்டி’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். தோல் மருத்துவரிடம் போனால் அது பல சாதி. மருவும் பாலுண்ணியும் வைரஸால் வருபவை. உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டதும் பெரும்பாலும் தாமாகவே உதிர்ந்துவிடும், குழந்தைகளுக்கு இன்னும் சுலபமாக. கொழுப்புக்கட்டி அப்படியல்ல. தோலுக்கடியில் மெத்தென்று இருந்துகொண்டு, விரலால் தள்ளினால் நழுவும். ஆண்டுக்கணக்கில் கிடந்தாலும் கரையாது. மூன்றாவது நீர்க்கட்டி. பேர்தான் நீர்க்கட்டி, தோலில் வரும் நீர்க்கட்டிக்குள் நீர் இருப்பதில்லை. தோலின் மேலடுக்குச் செல்கள் உள்ளே மாட்டிக்கொண்டு ஒரு பையாக வளர்கின்றன. வெளியே உதிர வேண்டிய கெரட்டின் அந்தப் பைக்குள்ளேயே சேர்ந்து, வெண்ணெய்க் கட்டி மாதிரி வெள்ளையாக, குமட்டும் நாற்றத்தோடு அடைந்து கிடக்கும். உச்சியில் ஒரு கரும்புள்ளி பெரும்பாலும் தெரியும். அதுதான் பையின் வாய்.

அந்த வாயைக் கண்டதும் பிதுக்காத கை குறைவு. பிதுக்கினால் கட்டி அமுங்கும், வேண்டுதல் பலித்துவிட்டது என்று தோன்றும். ஆனால் பை உள்ளேயே இருக்கிறது. சில மாதத்தில் மறுபடி நிரம்பிவிடும். பை உள்ளுக்குள் கிழிந்தாலோ சிவந்து, வீங்கி, சீழ் வைக்கும். முற்றிலும் தீர வேண்டுமானால் மரத்துப்போக ஊசி போட்டு, கரும்புள்ளியையும் சேர்த்துச் சிறிதாகக் கீறி, பையை உடையாமல் முழுசாக உரித்தெடுக்க வேண்டும். பையின் சுவரில் ஒரு துணுக்கு உள்ளே ஒட்டியிருந்தாலும் திரும்ப முளைக்கும். சீழ் வைத்த கட்டி என்றால் முதலில் சீழை வெளியேற்றி, புண் ஆறிய பிறகுதான் பையை எடுப்பார்கள்.

ஆக, வெல்லம் கரைத்தவருக்கு மரு உதிர்ந்தது. பக்கத்துப் படியில் கரைத்தவருக்குக் கொழுப்புக்கட்டி அப்படியே இருக்கிறது. முதலாமவருக்கு அருள், இரண்டாமவருக்கு இன்னும் வேளை வரவில்லை என்று சொல்லிவிடலாம். எது நடந்தாலும் சரியாகிவிடுகிற விளக்கத்தை மருத்துவமாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் படித்துறையில் நிற்பவர் மருத்துவம் பேசவா வந்திருக்கிறார்? பயத்தைத் தன்னைவிடப் பெரிய ஒன்றிடம் இறக்கிவைக்க வந்திருக்கிறார். அதை மூடத்தனம் என்று ஒரே வீச்சில் தள்ளுவது பகுத்தறிவின் பேரில் செய்யும் சோம்பேறித்தனம். அந்த இறக்கிவைத்தலையே சிகிச்சை என்று எண்ணி உட்கார்ந்துவிடுவது வேறு வகைச் சோம்பேறித்தனம்.

“எல்லாம் வினை, கத்தி வைத்து என்ன ஆகப்போகிறது?” என்று கேட்பவர்கள் சைவத்தைத் துணைக்கு அழைப்பதுதான் வேடிக்கை. திருச்செங்கோட்டில் அடியார்களைக் குளிர்சுரம் வாட்டியபோது சம்பந்தர் பாடியதாகச் சொல்லப்படும் திருநீலகண்டப் பதிகம், இதற்கு நேர் எதிரான பேச்சோடு தொடங்குகிறது. செய்த வினைதான் இது என்று சொல்லிக்கொண்டு, தப்பும் வழி தேடாமல் இருப்பது உங்களுக்குத்தானே குறை என்று கேட்கிறது. அவர் காட்டும் வழி ஈசன் திருவடி, கத்தியல்ல என்பது உண்மை. ஆனாலும் வினையைச் சாக்காக வைத்துக் கைகட்டி நிற்க அவர் இடம் தரவில்லை. வள்ளுவரும் ஊழுக்குத் தனி அதிகாரம் வைத்தவர்தான். மருந்து அதிகாரத்துக்கு வந்ததும் ஊழைப் பற்றி மூச்சு விடவில்லை. நோயின் காரணத்தைத் தேடு என்கிறார். நோயாளி, மருத்துவர், மருந்து, கூட இருந்து பார்ப்பவர் என்று நாலு பேரை வரிசையாக நிறுத்துகிறார்.

தீங்கில்லாத கட்டியை எதற்காக எடுக்க வேண்டும் என்ற கேள்வியும் உண்டு. எடுக்கத்தான் வேண்டும் என்பதில்லை. வலியில்லை, உறுத்தலில்லை, பார்க்க விகாரமில்லை என்றால் மருத்துவர்களே விட்டுவிடச் சொல்கிறார்கள். கழுத்தில் சட்டைக் காலர் உரசுகிற இடத்தில் இருந்தால் சங்கடம். முகத்தில் இருந்தால் வெட்கம். வெட்கம் ஒரு காரணமா என்று கேட்கும் பெரியவர்கள், கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வருகிறவர்களின் கண்ணை மறந்துவிடுகிறார்கள்.

வேண்டுதலில் தீங்கில்லை, தாமதத்தில்தான் தீங்கு. வேகமாக வளரும் கட்டி, கல்லாகக் கெட்டிப்பட்டு அடியோடு ஒட்டிய கட்டி, ஐந்து சென்டிமீட்டரைத் தாண்டிய கட்டி, தொட்டால் ரத்தம் வரும் கட்டி ஆகியவற்றை உடனே காட்ட வேண்டும். வெட்டியெடுத்த துண்டைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்வதும் சந்தேகத்தை உறுதியாகத் தீர்த்துக்கொள்ளத்தான். பிரார்த்தனையை முதலில் முடித்துவிட்டு மருத்துவரைப் பார்க்கலாம் என்றால் முடிக்கட்டும். மயிலாடுதுறைக்கும் சீர்காழிக்கும் பஸ் ஓடுகிறது. இரண்டு ஊரிலும் அரசு மருத்துவமனை இருக்கிறது.