அடியார்களின் ஹக்கு



அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை தம் தோழர்களிடம், 'முஃப்லிஸ்' என்று யாரைச் சொல்வீர்கள் என வினவினார்கள். கையில் காசும் பொருளும் இல்லாதவனை என்று தோழர்கள் விடை பகர்ந்தார்கள். நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய ஓட்டாண்டியோ வேறு. தொழுகை, நோன்பு, ஜகாத் எல்லாவற்றையும் சுமந்து கொண்டு கியாமத்து நாளில் ஒருவன் வருவான். ஆனால் ஒருவனை ஏசியிருப்பான். ஒருவன் பொருளைத் தின்றிருப்பான். ஒருவன் இரத்தத்தைச் சிந்தியிருப்பான். அவன் நன்மைகள் அவர்களுக்குப் பங்கிடப்படும். அவை தீர்ந்தும் கணக்குத் தீராவிட்டால் அவர்களுடைய பாவங்கள் இவன் தலையில் ஏற்றப்படும். முஸ்லிம் ஷரீபில் வரும் ஹதீஸ் இது.

இதனைப் புறம் பேசுவோருக்கும் கடன் ஏய்ப்போருக்கும் ஓதிக் காட்டுகிறோம். நாடாள்பவருக்கு ஓதிக் காட்டுவோர் எத்தனை பேர்?

ஆப்பிரிக்காவில் சாட் என்றொரு நாடு. மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் முஸ்லிம்கள். 1982 முதல் 1990 வரை அதை ஆண்டவர் ஹிஸேன் ஹப்ரே. அவருடைய இரகசியப் போலீஸார் தலைநகர் என்ஜமீனாவில், பிரெஞ்சுக்காரர் காலத்து நீச்சல் குளமொன்றை மேலே கான்கிரீட் போட்டு மூடி, உள்ளே அறைகளாகத் தடுத்துச் சிறையாக்கினார்கள். அந்தப் புழுக்கத்தில் மனிதர்கள் மனிதர்கள் மேல் கிடந்து மாண்டார்கள். அவருடைய ஆட்சியில் மாண்டவர்கள் சுமார் 40,000 பேர் என்று 1992 இல் அந்நாட்டு விசாரணைக் குழு மதிப்பிட்டது. முஸ்லிம்களும் இறந்தார்கள், கிறிஸ்தவர்களும் இறந்தார்கள். லிபியாவை அடக்க ஆள் தேவையென்று ஆயுதமும் பணமும் கொடுத்தவை அமெரிக்காவும் பிரான்சும். அவை எந்தக் கூண்டிலும் ஏறவில்லை; அது தனிக் கணக்கு.

1990 டிசம்பரில் ஆட்சி கவிழவே, ஹப்ரே கஜானாவைத் துடைத்துக் கொண்டு செனகல் நாட்டின் டக்கார் நகரில் குடியேறினார். அங்கே அவர் பக்திமான்! வெள்ளை அங்கி, தலைப்பாகை, தொழுகை, தாராளமான கொடை. அண்டை அயலார் அவரை நல்லவர் என்றே சொன்னார்கள். வாங்கியவர்கள் அந்தப் பணம் எங்கிருந்து வந்ததென்று கேட்டார்களா? கேட்டிருக்க வேண்டும்.

அல்லாஹ்வுடைய ஹக்கில் நேர்ந்த குறைக்குத் தவ்பா போதும். அடியார்களின் ஹக்கிலோ, உரியவரிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அல்லது அவர் மன்னிக்க வேண்டும். உலமாக்கள் பொதுவாக இப்படியே சொல்கிறார்கள்.

அந்தச் சிறைகளில் இரண்டாண்டுக்கு மேல் கிடந்தவர் ஸுலைமான் கெங்கெங் என்னும் கணக்கர். உயிருடன் வெளியே வந்தால் நீதிக்காகப் பாடுபடுவேன் என்று சிறையிலேயே இறைவனிடம் வாக்களித்தார். வந்தபின் 792 பேரின் வாக்குமூலங்களைத் திரட்டி வைத்தார். ஹப்ரேயின் ஆட்கள் பலர் புதிய அரசிலும் பதவியில் இருந்த காலம் அது! சாட்சியத்தை மறைப்பவனின் உள்ளம் பாவத்துக்குள்ளாகிறது என்று பகரா சூராவில் படிக்கிறோம். அதன் பாரம் எத்தகையது என்பதை இவரைப் போன்றவர்களிடம் காணலாம்.

2000 இல் பாதிக்கப்பட்டோர் டக்காரில் வழக்குத் தொடுத்தார்கள். தமக்கு அதிகாரமில்லை என்றன செனகல் நீதிமன்றங்கள். பெல்ஜியத்தின் கதவைத் தட்டினார்கள். ஹப்ரேயை ஒப்படைக்கும்படி கேட்ட பெல்ஜியம், அது நடவாமற் போகவே ஹேக் நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்துக்குச் சென்றது. சித்திரவதைக்கு எதிரான ஒப்பந்தத்தில் கையொப்பமிட்ட நாடு, குற்றவாளியைத் தானே விசாரிக்க வேண்டும், இல்லையேல் ஒப்படைக்க வேண்டும் என்று 2012 ஜூலை 20 அன்று அது தீர்ப்பளித்தது. அதன்பின் ஆப்பிரிக்க ஒன்றியத்தின் உடன்பாட்டோடு டக்காரிலேயே சிறப்பு நீதிமன்றம் அமைந்தது. ஓர் ஆப்பிரிக்க நாட்டின் முன்னாள் அதிபரை மற்றோர் ஆப்பிரிக்க நாட்டு மண்ணில் நிறுத்தி விசாரித்தார்கள்.

ஹப்ரே வாய் திறக்கவில்லை. தலைப்பாகைத் துணியால் முகத்தை மறைத்து, கறுப்புக் கண்ணாடியோடு அமர்ந்திருந்தார். அவரெதிரே விதவைகளும், உடல் சிதைந்தவர்களும், மானபங்கப்படுத்தப்பட்ட பெண்களும் வந்து நின்று பேசினார்கள். அநீதமிழைக்கப்பட்டவனின் துஆவுக்கும் அல்லாஹ்வுக்கும் இடையே திரையில்லை என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்தது, யமன் நாட்டை நிர்வகிக்கச் சென்ற முஆத் (ரலி) அவர்களை அன்றோ! 2016 மே 30 அன்று ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 2017 இல் மேல்முறையீட்டிலும் அது உறுதியாயிற்று. 7,396 பேருக்கு 8,200 கோடி பிராங்கிற்கு மேல் நஷ்டஈடு தர வேண்டுமென்றும் தீர்ப்பாயிற்று.

2021 ஆகஸ்டில் கொரோனா நோயால் அவர் காலமானபோது, அந்த நஷ்டஈட்டில் ஒரு காசும் அவர்கள் கைக்கு வந்திருக்கவில்லை. அவருடைய மறுமை நிலையைத் தீர்மானிக்க நமக்கேது உரிமை? ஆனால் ஒரு மையித்துக்குக் கடன் இருக்கிறதென்று கேள்வியுற்றதும் தொழுவிக்காமல் நின்றார்கள் நாயகம் (ஸல்) அவர்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அதைப் பொறுப்பேற்ற பிறகே தொழுவித்தார்கள். அந்தக் கடன் சில தீனார்கள்தாம்.